துண்டிப்பதா, விடுவதா? பத்தில் ஒரு விநாடியில் முடிவெடுக்கும் ரிலே

2018 செப்டம்பர் 18ஆம் தேதி அதிகாலை 1.18 மணி. சிங்கப்பூரில் 146,797 வீடுகளுக்கும் வர்த்தக இடங்களுக்கும் மின்சாரம் நின்றது. பிடோக், ஜூரோங் வெஸ்ட், சுவா சூ காங், கிளமெண்டி எனத் தீவின் பல மூலைகளில் புளோக்குகள் இருண்டன. மின்விசிறி நின்றதால் விழித்துக்கொண்டவர்கள் சன்னலைத் திறந்து பார்த்தார்கள். 38 நிமிடங்களில் எல்லாருக்கும் மின்சாரம் திரும்பியது. தூங்கிக்கொண்டிருந்த பலருக்குக் காலையில் செய்தியைப் பார்த்த பிறகுதான் நடந்தது தெரியும்.

ஆனால், அந்தச் செய்தியைப் படித்த பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அன்று கோளாறு ஏற்பட்டது அந்த வட்டாரங்களில் அல்ல. மின்னுற்பத்தி இயந்திரங்களில்தான் சிக்கல். தேவைக்கு ஏற்ற மின்சாரம் கிடைக்காமல் போனதும், நாடு முழுவதும் இருளில் மூழ்காமல் இருக்க ஒரு பகுதிப் பயனீட்டாளர்களின் இணைப்பைத் தானியங்கிக் கருவிகள் துண்டித்தன. மனிதர் யாரும் அந்த விநாடியில் விசையை அழுத்தவில்லை. அந்த முடிவை எடுத்த கருவிகளுக்குப் பெயர் ரிலே.

மின்பொறியியல் படிக்கத் தொடங்கியபோது, மின்சாரத் துறை என்றால் மின்னுற்பத்தி நிலையம், கோபுரம், கம்பி, மின்மாற்றி ஆகியவைதான் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலான நேரம் எதுவுமே செய்யாமல் காத்திருப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு கருவியைப் பற்றி ஒரு முழுப் பாடம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. படிக்கப் படிக்க, மின்கட்டமைப்பில் ஆகக் கடினமான கேள்வியைச் சந்திப்பது இந்தக் கருவிதான் என்று தோன்றுகிறது. அந்தக் கேள்வி: துண்டிப்பதா, விடுவதா?

கண் இமைப்பதற்குள்

முதலில், எதிலிருந்து பாதுகாப்பு? கட்டுமானத் தளத்தில் மண்வாரி இயந்திரம் நிலத்தடிக் கம்பிவடத்தை வெட்டலாம். மின்கம்பியின்மேல் மரம் சாயலாம். இடி விழலாம். பழைய கம்பிவடத்தின் காப்புறை நைந்துபோகலாம். இவை ஒவ்வொன்றிலும் மின்சாரம் தான் போகவேண்டிய வழியை விட்டுவிட்டு, தடை குறைந்த குறுக்குவழியில் பாய்கிறது. இதைத்தான் ஷார்ட் சர்க்யூட் என்கிறோம். அப்போது மின்னோட்டம் வழக்கத்தைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ உயரலாம்.

மின்னோட்டம் பத்து மடங்கானால் வெப்பமும் பத்து மடங்குதானே என்று நினைக்கக்கூடாது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்று உயர்நிலைப்பள்ளி இயற்பியலில் படித்திருப்போம். எனவே பத்து மடங்கு மின்னோட்டம் என்றால் நூறு மடங்கு வெப்பம். கம்பி உருகும், மின்மாற்றியின் எண்ணெய் தீப்பிடிக்கும். குறுக்கே எழும் மின்பொறி சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடாக இருக்கக்கூடும்.

ஆகவே நேரமே இல்லை. இங்கே மூன்று கருவிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது, அளவு மின்மாற்றி. கம்பியில் ஓடும் ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஓர் ஆம்பியர், ஐந்து ஆம்பியர் என்ற சிறிய அளவுக்குக் குறைத்து ரிலேவுக்குத் தருவது இது. இதைக் கண் என்று சொல்லலாம். இரண்டாவது, ரிலே. வரும் அளவைப் பார்த்து, இது வழக்கமான சுமையா, கோளாறா என்று முடிவெடுப்பதால் இது மூளை. மூன்றாவது, சர்க்யூட் பிரேக்கர். ரிலேவின் கட்டளை வந்ததும் இணைப்பைப் பிரிப்பதால் இது கை.

நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. ஓர் அலைக்கு 20 மில்லிவிநாடி. உயரழுத்தக் கட்டமைப்பில் ரிலே முடிவெடுக்க ஓரிரண்டு அலைகளும், பிரேக்கர் திறக்க இரண்டு மூன்று அலைகளும் ஆகும். மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி. நாம் ஒருமுறை கண் இமைக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

யார் முதலில் துண்டிப்பது?

வேகம் மட்டும் போதாது. உங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசிக்குக்கர் பழுதானால் சமையலறை இணைப்பு மட்டும் நிற்க வேண்டும். புளோக் முழுவதும் இருண்டால் அதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல. கோளாறுக்கு ஆக அருகில் இருப்பதே முதலில் துண்டிக்க வேண்டும். அது தவறினால் மட்டும் அதற்கு மேலே இருப்பது செயல்பட வேண்டும்.

இதற்கான பழைமையான வழி, மிகைமின்னோட்ட ரிலே. மின்னோட்டம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் இது துண்டிக்கும். அனைத்துலகத் தரநிலையில் உள்ள வழக்கமான வளைவைக் கணக்கிட்டுப் பார்த்தால், நிர்ணயித்த அளவைப்போல் இரு மடங்கு மின்னோட்டத்திற்கு 10 விநாடி காத்திருக்கும். பத்து மடங்கிற்கு 3 விநாடிதான். இது அடிப்படை வளைவு. பொறியாளர் இதை ஒரு பெருக்கெண்ணால் தேவைக்கேற்பச் சுருக்கிக்கொள்வார். வரிசையாக இருக்கும் ரிலேக்களுக்கு இடையே 0.3 முதல் 0.4 விநாடி வரை இடைவெளி வைப்பார். கீழே உள்ளவருக்கு வாய்ப்புக் கொடுத்து, மேலே உள்ளவர் காத்திருக்கும் ஏற்பாடு இது.

இதில் ஒரு குறையும் உண்டு. வரிசை நீள நீள, மின்னுற்பத்தி நிலையத்திற்கு ஆக அருகில் உள்ள ரிலேதான் அதிக நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால், ஆகப் பெரிய மின்னோட்டம் பாயக்கூடிய இடமும் அதுதான். எனவே முக்கியமான இடங்களுக்கு வேறு உத்திகள் தேவைப்பட்டன.

உள்ளே போனது வெளியே வரவேண்டும்

1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசல் நகரத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மெர்ஸ், பெர்னார்ட் பிரைஸ் என்ற இரு பொறியாளர்கள் எளிமையான ஒரு யோசனையைப் பதிவு செய்தார்கள். ஒரு கம்பிவடத்தின் ஒரு முனையில் நுழையும் மின்னோட்டம் மறுமுனையில் அப்படியே வெளிவர வேண்டும். வராவிட்டால், நடுவே எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். உடனே துண்டிக்கலாம். காத்திருக்க வேண்டியதே இல்லை. ஏனென்றால் கோளாறு இந்தக் கம்பிவடத்திற்குள்தான் என்பது உறுதி.

கிர்க்காஃப் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்களுக்கு இது புரிந்திருக்கும். சந்திப்புக்குள் போவதும் அதிலிருந்து வருவதும் சமம் என்ற அதே விதிதான். வேறுபாட்டு ரிலே எனப்படும் இதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் எண் 87. உலகின் எந்த நாட்டு மின்வரைபடத்தில் 87 என்று ஒரு வட்டத்திற்குள் எழுதியிருந்தாலும் அதைத்தான் குறிக்கும். சிங்கப்பூரின் 22 கிலோவோல்ட் கட்டமைப்பில் கம்பிவடங்கள் வளையமாக இணைக்கப்பட்டு இந்த முறையில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு துண்டு பழுதானால் அது மட்டும் கழன்றுகொள்ளும். மற்றவர்களுக்கு வளையத்தின் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் தொடர்ந்து வரும். இங்கே ஒரு பயனீட்டாளருக்குச் சராசரி மின்தடை ஆண்டுக்கு ஒரு நிமிடத்திற்கும் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் மின்கம்பிகளைக் கொண்ட பெரிய நாடுகளில் இன்னோர் உத்தி பயன்படுகிறது. தொலைவு ரிலே, எண் 21. இது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்க்கும். கோளாறு அருகில் இருந்தால் விடை சிறியது. தொலைவில் இருந்தால் பெரியது. இந்த ஒரு வகுத்தலைக் கொண்டே கோளாறு எவ்வளவு தூரத்தில் என்று கணித்துவிடலாம். கம்பியின் முதல் 80 விழுக்காட்டுக்குள் என்றால் உடனே துண்டிக்கும். அதற்கு அப்பால் என்றால் சற்றுக் காத்திருக்கும். அடுத்த கம்பியையும் தாண்டிப் பார்க்கும் மூன்றாம் மண்டலம் ஒன்றும் உண்டு. மற்றவர்கள் அனைவரும் தவறினால் கைகொடுப்பதற்காக அது. இந்த மூன்றாம் மண்டலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொன்னபடி செய்த ரிலே

1965 நவம்பர் 9ஆம் தேதி மாலை 5.16 மணி. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், நயாகராவுக்கு அருகே உள்ள சர் ஆடம் பெக் நீர்மின் நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் ஐந்து மின்கம்பிகளில் ஒன்றை ஒரு ரிலே துண்டித்தது. அந்தக் கம்பியில் ஷார்ட் சர்க்யூட் எதுவும் இல்லை. குளிர்கால மாலை என்பதால் மின்தேவை கூடியிருந்தது, அவ்வளவுதான். 1963இல் அந்த ரிலேவுக்கு 375 மெகாவாட் என்று ஓர் எல்லை வைத்திருந்தார்கள். கம்பியால் அதைவிட அதிகம் சுமக்க முடியும். ஆனால், சுமை அந்த எல்லையைத் தொட்டதும் ரிலே தனக்குச் சொன்னபடி செய்தது.

அந்தக் கம்பியின் சுமை மற்ற நான்கின்மேல் விழுந்தது. அடுத்த மூன்று விநாடிக்குள் அவையும் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. போக்கிடம் இல்லாத மின்சாரம் அமெரிக்கப் பக்கம் திரும்பிப் பாய்ந்தது. சில நிமிடங்களில் நியூயார்க் நகரம் உட்பட வடகிழக்கு அமெரிக்காவின் பெரும்பகுதியும் ஒன்டாரியோவும் இருண்டன. மூன்று கோடி மக்கள் பாதிக்கப்பட்டார்கள். சில இடங்களில் 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் என்பதால் நியூயார்க்கின் சுரங்க ரயில்களில் லட்சக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள்.

ஏறத்தாழ 38 ஆண்டுகள் கழித்து, 2003 ஆகஸ்ட் 14ஆம் தேதி, அதே வட்டாரத்தில் இதைவிடப் பெரிய இருட்டு. ஒஹையோ மாநிலத்தில் பிற்பகல் வெயிலிலும் சுமையிலும் தொய்ந்த மின்கம்பிகள், வெட்டப்படாமல் வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டு ஒவ்வொன்றாக நின்றன. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்திருந்ததால் அங்கிருந்தவர்களுக்கு விவரம் தெரியவில்லை. மாலை 4.05 மணிக்குப் பிறகு ஒரு முக்கியமான 345 கிலோவோல்ட் கம்பியைத் துண்டித்தது ஒரு தொலைவு ரிலேவின் மூன்றாம் மண்டலம்.

அந்தக் கம்பியிலும் கோளாறு இல்லை. மற்ற கம்பிகள் நின்றுபோனதால் மின்னோட்டம் கூடியிருந்தது, மின்னழுத்தம் குறைந்திருந்தது. குறைந்த எண்ணைக் கூடிய எண்ணால் வகுத்தால் விடை சிறியதாகத்தானே வரும்? கோளாறு என்று ரிலே முடிவு செய்தது. கணக்குச் சரி, முடிவு தவறு. அதிலிருந்து சில நிமிடங்களில் ஐந்து கோடி மக்களுக்கு மின்சாரம் இல்லை.

இரண்டு நிகழ்வுகளிலும் ரிலே பழுதாகவில்லை. மனிதர்கள் என்றோ எழுதிவைத்த ஓர் எண்ணை அது அப்படியே பின்பற்றியது. அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தபோது இருந்த சூழல் மாறியிருந்தது. எண்ணை யாரும் மாற்றவில்லை.

இரண்டு வகை நம்பிக்கை

எங்கள் பாடத்தில் இதற்கு இரண்டு அளவுகோல்களைக் கற்பிக்கிறார்கள். செயல்பட வேண்டிய நேரத்தில் தவறாமல் செயல்படுவது ஒன்று. செயல்படக்கூடாத நேரத்தில் சும்மா இருப்பது மற்றொன்று. இரண்டும் நல்லவைதான். ஆனால், ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். எல்லையைத் தாழ்வாக வைத்தால் எந்தக் கோளாறும் தப்பாது. ஆனால், காரணமின்றித் துண்டிக்கும் ஆபத்து கூடும். உயர்வாக வைத்தால் தேவையற்ற மின்தடை இருக்காது; ஆனால், உண்மையான கோளாறு ஒருநாள் கண்ணில் படாமல் போகலாம்.

ஆய்வுக்கூடத்தில் சோதனைக் கருவியை ரிலேவுடன் இணைத்துப் பொய்யான மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்ப்போம். ரிலே துண்டித்தால் பாதி மதிப்பெண்தான். துண்டிக்கக்கூடாத அளவைக் கொடுத்து, அது அசையாமல் இருக்கிறது என்று காட்டினால்தான் மீதி. முதலில் இது வேடிக்கையாகத் தெரிந்தது. 1965ஐப் பற்றிப் படித்த பிறகு வேடிக்கையாகத் தெரியவில்லை.

அந்த 1965 இருட்டிலிருந்து கிடைத்த பாடங்களில் ஒன்றுதான் 2018இல் சிங்கப்பூரைக் காத்தது. மின்னுற்பத்தி குறைந்து தேவை அப்படியே இருந்தால், சுமையோடு மேட்டில் ஏறும் சைக்கிள்போல இயந்திரங்களின் வேகம் குறையும். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். அதிகம் இறங்கினால் மீதமுள்ள இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். பிறகு எல்லாமே சரியும். அப்படி நடக்கும் முன், அதிர்வெண்ணைக் கவனிக்கும் ரிலேக்கள், எண் 81, முன்கூட்டியே தீர்மானித்த சில சுமைகளைக் கழற்றிவிடும். 1965க்குப் பிறகு வட அமெரிக்காவில் பரவலான இந்த ஏற்பாடு இன்று உலகெங்கும் உள்ளது. 2018இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பயனீட்டாளர்கள் 38 நிமிடம் வரை பொறுத்துக்கொண்டதால் மற்ற அனைவருக்கும் மின்சாரம் தொடர்ந்தது.

யாருடைய சுமையை முதலில் கழற்றுவது, மருத்துவமனையை எந்த வரிசையில் வைப்பது என்பவற்றை அமைதியான நாள்களில் மனிதர்கள் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். நெருக்கடி நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

சூரியசக்தி கொண்டுவரும் புதிய சிக்கல்

1984இல் நுண்செயலி கொண்ட முதல் வர்த்தக ரிலே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதுவரை சுழலும் தட்டும் சுருள்வில்லுமாக இருந்த ரிலே, கணினியாக மாறத் தொடங்கியது. கணினி என்றாலே ஊடுருவலும் சாத்தியம். 2016 டிசம்பரில் உக்ரேனியத் தலைநகர் கியவின் மின்கட்டமைப்பைத் தாக்கிய தீய மென்பொருளில், ஒருவகை ரிலேக்களைச் செயலிழக்கச் செய்வதற்கென்றே ஒரு பகுதி எழுதப்பட்டிருந்தது.

இன்னொரு சவால் நம் கூரைகளில் இருக்கிறது. பெரிய மின்னுற்பத்தி இயந்திரம், கோளாறு நேரத்தில் வழக்கமான அளவைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தைத் தள்ளும். ரிலே அதைக் கண்டுதான் விழிக்கிறது. சூரியத் தகடுகளை இணைக்கும் இன்வெர்ட்டரோ தன் வழக்கமான அளவைச் சற்றே தாண்டித்தான் தரும். அதிலுள்ள மின்னணுப் பாகங்கள் அதற்குமேல் தாங்காது. கோளாறுக்கும் வழக்கமான சுமைக்கும் வித்தியாசம் சுருங்கும்போது ரிலே எதைக் கொண்டு கண்டுபிடிப்பது?

பிரிட்டனில் 2019 ஆகஸ்ட் 9ஆம் தேதி இடி தாக்கியதை அடுத்து இரண்டு பெரிய மின்னுற்பத்தி நிலையங்களின் உற்பத்தி சரிந்தது. அதே நேரத்தில், பல சிறிய மின்னுற்பத்தி அமைப்புகளும் தங்கள் பாதுகாப்பு ரிலேக்களின் கட்டளையால் ஒதுங்கிக்கொண்டன. பத்து லட்சத்திற்கும் அதிகமான பயனீட்டாளர்கள் மின்சாரம் இழந்தார்கள். சூரியசக்தியைக் கூட்டிவரும் சிங்கப்பூரும், 2022 முதல் தாய்லாந்து, மலேசியா வழியாக லாவோசிலிருந்து மின்சாரம் வாங்கத் தொடங்கிய வட்டாரமும் எதிர்நோக்கும் கேள்விகள் இவை. பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் மாணவர்கள் இந்தத் துறையைப் பழைய துறை என்று ஒதுக்கிவிட வேண்டாம். விடை தெரியாத கணக்குகள் இங்கே நிறையவே காத்திருக்கின்றன.

உங்கள் வீட்டில் இருக்கும் 87

மெர்ஸும் பிரைஸும் 1904இல் சொன்ன யோசனை உங்கள் வீட்டு மின்பெட்டியிலும் இருக்கிறது. ஆர்சிசிபி என்று எழுதிய விசைதான் அது. வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் அது ஒப்பிடுகிறது. 30 மில்லிஆம்பியர் குறைந்தால், அந்த மின்சாரம் யாரோ ஒருவரின் உடல் வழியாகத் தரைக்குப் போய்க்கொண்டிருக்கலாம் என்று எண்ணித் துண்டிக்கும்.

பக்கத்தில் இருக்கும் சாதாரண பிரேக்கர் இந்த வேலையைச் செய்யாது. 32 ஆம்பியர் பிரேக்கருக்கு 30 மில்லிஆம்பியர் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது கம்பியைத் தீயிலிருந்து காக்க வைத்தது. மனிதரைக் காக்க வைத்தது ஆர்சிசிபி. 1985 ஜூலை முதல் கட்டப்பட்ட சிங்கப்பூர் வீடுகளில் இது உண்டு. 2023 ஜூலை 1 முதல், அதற்கு முந்திய பழைய வீடுகள் உட்பட எல்லாக் குடியிருப்புகளிலும் கட்டாயமாக்கப்பட்டது.

இதற்கும் வரம்புண்டு. ஈரமில்லாத ரப்பர் காலணியோடு நின்றுகொண்டு ஒருவர் இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால், போன மின்சாரம் திரும்பி வந்துவிடுகிறது. ஆர்சிசிபிக்கு வித்தியாசம் தெரியாது. எனவே அது இருக்கிறது என்ற தைரியத்தில் பழுதான விசையைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்றால் அதைத் திட்டுவதும், அதைத் தவிர்த்து இணைப்புக் கொடுக்கச் சொல்வதும் சில வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் பழைய நீர்ச்சூடேற்றியோ துணிதுவைக்கும் இயந்திரமோ கசிகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஒவ்வொரு சாதனமாகக் கழற்றிப் பார்த்தால் எதனால் என்று தெரிந்துவிடும்.

நல்ல நாள்களில் அசையாமல் இருக்கும் கருவி, தேவைப்படும் நாளில் அசையுமா என்று சோதித்துத்தான் அறிய முடியும். ஆர்சிசிபியில் ‘டி’ என்ற எழுத்துடன் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். விசை டக்கென்று கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் அதை உடனே மாற்ற வேண்டும். அழுத்துவதற்கு முன் வீட்டில் யாராவது கணினியில் பணி செய்கிறார்களா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.